எதிரே வந்த கை

இருபது ஆண்டுகள் பேருந்து ஓட்டியதில் எனக்கு ஒரே ஒரு நண்பர் கிடைத்தார். அவரோடு ஒரு சொல்கூடப் பேசியதில்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் வழியில், தினமும் காலையில் அவர் பேருந்து எதிரே வரும். கடக்கும்போது ஓட்டுநர்கள் கை காட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மற்றவர்கள் இரண்டு விரலை அசைப்பார்கள். அவர் முழுக் கையையும் தூக்குவார், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப் போல. நானும் தூக்குவேன். தொடக்கப்பள்ளியோடு நின்றவன் நான். ஓய்வறையில் நாலு பேர் நடுவே எனக்குப் பேச்சு வராது. அந்தக் கை போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் தடத்தில் தானாக ஓடும் பேருந்தை விட்டார்கள். அதன் ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்கார வைத்தார்கள். ஓட்டுவதற்கு அல்ல, அது தவறினால் பிடிப்பதற்கு. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கைத் தொடாமல், அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே கேமரா; கை விலகினால் மணி அடிக்கும்.

முதல் நாள் அவர் கை தூக்கினார். நானும் தூக்கினேன். உடனே மணி அலறியது. பயணிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். முனையத்தில் மேற்பார்வையாளர் அம்மா காத்திருந்தார்.

“யாருக்கு டாட்டா காட்டுனீங்க அண்ணே?”

“தெரிஞ்சவரு.”

“பேரு?”

“அது தெரியாது.”

“பேர் தெரியாத ஆளுக்காக வேலைய விட்டுடாதீங்க லா. மூணு தடவ மணி அடிச்சா இறக்கி விட்டுடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

மறுநாள் அவர் கை தூக்கியபோது தலையை மட்டும் ஆட்டினேன். காலை வெயில் கண்ணாடியில் அடிக்கும் நேரம். அவருக்குத் தெரிந்திருக்காது. சில நாட்களில் அவர் கை இரண்டு விரலாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

ஒரு ஞாயிறன்று தேக்கா உணவுக்கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு நின்றேன். முன்மேசையில் ஒருவர் சாம்பார் கேட்டு முழுக் கையையும் தூக்கினார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. அவர் தமிழர் என்பதே அன்றுதான் தெரியும். கூட இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“நம்ம ரூட்ல ஒருத்தரு, அத்தன வருசமா கை காட்டுவாரு. புது பஸ்ல உக்காந்ததும் கண்டுக்கிறதே இல்ல.”

“ஓட்டாம சம்பளம் வாங்குறவரு லா. நம்மளயெல்லாம் எதுக்குப் பாக்கணும்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான்கு அடி தூரம்தான். ‘அண்ணே, நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை துணிந்து கையைத் தூக்கினேன். மணி அலறியது. அவர் சாலையை மட்டும் பார்த்தபடி கடந்து போனார். முனையத்தில், “முகத்துல கொசு” என்று சொல்லிவைத்தேன்.

அவர் பேருந்தையும் விரைவில் மாற்றப் போகிறார்களாம். அந்த இருக்கையில் அவரை உட்கார வைத்தால், என் கை ஏன் எழவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். அப்படி நினைத்து ஆறுதல் அடைந்ததுதான் எனக்கே பிடிக்கவில்லை.