நிரை இல்லாத காடு

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் புடவை எடுத்துத் தருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ கோலா கிளாவாங் மலைக்காட்டில் நடக்கும் மூன்று நாள் வனப்பயிற்சிக்கு எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள். புறப்பட வேண்டிய வாரத்தில் கோலாலம்பூரில் அவளுக்கு அவசர வேலை வந்துவிட்டது. "நீ மட்டும் போயிட்டு வாம்மா" என்று போனில் சொல்லிவிட்டாள்.

என் கணவர் லோரி ஓட்டுகிறவர். பசியாறிக்கொண்டிருந்தவருக்கு விஷயத்தைக் கேட்டதும் புரையேறியது.

"தோட்டத்துல பொறந்தவளுக்குக் காட்டைச் சுத்திக் காட்ட ஒரு ஆளா? நல்லா இருக்கு லா!"

உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம்தான். பகாவ் பட்டணத்துக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பாலுக்கு மரம் சீவப் போவேன். பாம்பு, அட்டை, காட்டுப்பன்றி எதுவும் எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் கிராணியாக இத்தனை வருடம் நாற்காலியைத் தேய்த்த பிறகும் அந்தத் திமிர் மட்டும் தேயவில்லை.

நாங்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். பயிற்சி கொடுத்தவள் போர்ட்டிக்சன் பக்கத்துத் தமிழ்ப்பெண். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். முதல் நாள் அட்டையைப் பற்றி அவள் ஆரம்பித்ததுமே நான் குறுக்கே புகுந்தேன்.

"புகையிலைத் தண்ணி தொட்டு வச்சா தானா விழுந்துடும். எங்க தோட்டத்துல அப்படித்தான்."

"விழும்க்கா. ஆனா விழும்போது வயித்துல உள்ளதை உங்க காயத்துலயே கக்கிட்டுப் போகும். நகத்தால மெல்லத் தள்ளி விடுங்க, போதும்."

மற்றவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலை எங்களை இருவர் இருவராகப் பிரித்தாள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. மேட்டைக் கடந்து, இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். எனக்குத் துணையாக வந்தவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர்; எங்கள் எல்லாருக்கும் அவர் 'சேகு'. திசைகாட்டியைப் பச்சை முட்டையைப் போல உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இடப்பக்கம் போகணும்னு ஊசி சொல்லுது" என்றார் மலாயில்.

"சேகு, நான் தோட்டத்து ஆள். என் பின்னால வாங்க" என்று நானும் மலாயிலேயே சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

அரைமணி நேரம் ஆகியும் மேடு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிரம்புப் புதர் வந்தது. அதன் முள்ளில் நீல நூல் ஒன்று தொங்கியது. என் சட்டைக் கையைப் பார்த்தேன். கிழிசலிலிருந்து அதே நீல நூல் பிரிந்து நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே புதரில்தான் அது கிழிந்தது.

சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்திருந்தோம். ஆசிரியர் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வழி தவறினால் நடக்காதே, உட்கார், மூன்று தடவை விசில் ஊது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. ஊதத்தான் வெட்கமாக இருந்தது.

"நீங்க ஊதுறீங்களா, நான் ஊதட்டுமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

நானே ஊதினேன். மூன்றாவது விசில் அடங்குவதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து பயிற்சி கொடுக்கும் பெண் வந்து நின்றாள்.

"இவ்வளவு நேரம் எங்க பின்னாலதான் வந்தியா?"

"ஆமாக்கா."

"தப்பான வழின்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியரும் சிரித்தார். எதை நம்பி நடந்தீர்கள் என்று அவள் கேட்டாள். நேராகப் போனால் ரோடு வரும் என்று நினைத்ததைச் சொன்னேன்.

"தோட்டத்துல வரும்க்கா. அங்க அளந்து, நிரை பிடிச்சு நட்டிருக்காங்க. இங்க யாரும் நடல."

அன்று மதியம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் நான் ஒருநாளும் வழி தவறியதில்லை என்பது உண்மைதான். நிரையோடு நடந்தால் எந்தப் பிள்ளையும் வழி தவறாது. அதைப்போய் என் சாமர்த்தியம் என்று இத்தனை காலம் நம்பியிருக்கிறேன்!

மூன்றாம் நாள் அதே வழியை மறுபடி கேட்டு வாங்கினோம். திசைகாட்டி என் கையில். ஆசிரியர் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தார். மேடு வந்தது, இறக்கம் வந்தது, பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இரண்டு ஓடைகளும் சேரும் இடத்தில் சப்பாத்தோடு இறங்கி நின்று, இருவரும் சின்னப்பிள்ளைகள்போலக் கத்தினோம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி, "போனதுக்குப் பிரயோசனம் உண்டா?"

உள்ளதைச் சொன்னேன். நாங்கள் இலையால் வேய்ந்த குடிசை முதல் மழையிலேயே ஒழுகியது. தீ மூட்டக் கட்டையைத் தேய்த்தால் புகை மட்டும்தான் வந்தது. கடைசியில் லைட்டரால்தான் பற்றவைத்தோம். மரமும் அருவியும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தாங்களே போய்விட்டு வரலாம். ஆனால் நம்மைத் தப்பு செய்யவிட்டு, கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் நிற்பது வேறு விஷயம். தனியாகப் போனால் அது கிடைக்காது. அதற்காக இன்னொரு தடவையும் போவேன்.

போகத்தான் போகிறேன். அடுத்த பயிற்சி ஆற்றில். நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமாம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள் நான். இப்போது சனிக்கிழமைதோறும் சிரம்பான் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். கரையில் கறிப்பாப் பலகாரத்தோடு காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் என் கணவர். போன வாரம் மிதவைப் பலகையைப் பிடிக்காமல் பாதிக் குளம் வரை போய்விட்டேன். அவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த அவசரத்தில் கறிப்பாப் தண்ணீரில் விழுந்தது.