இத்துப்போகவா என்று கேட்ட பெட்டி

பத்திரிகை கைக்கு வந்ததும் சிலர் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் திருப்புவார்கள். எனக்கும் அப்படியொரு பழக்கம் உண்டு, ஆனால் அது இணைய உலாவிகளோடு. புதிய பதிப்பு ஒன்று வந்தால், அதில் எந்தெந்த ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் வெளியிடும் குறிப்பை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். தன்னாமுனையில் வீட்டு முன்னறையில் இருந்து கணினி திருத்துகிறவள் நான். தொழிலுக்கு உதவும் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது விடுப்புப் பார்க்கிற, அடுத்தவர் சங்கதியை எட்டிப் பார்க்கிற ஆசைதான். ஊர் விடுப்பில் எனக்கு அவ்வளவு ருசியில்லை, இதில் உண்டு.

ஒரு வகை ஓட்டை அடிக்கடி வரும். உலாவி ஒரு வேலையை முடித்துவிட்டு, அதற்காக நினைவகத்தில் பிடித்து வைத்திருந்த இடத்தைக் காலி செய்யும். காலி செய்ததை மறந்து, பிறகும் அங்கேயே போய்த் தட்டும். வாடகைக்கு இருந்தவர் போன பிறகும் அவர் பெயருக்கு அந்த வீட்டுக்கே கடிதம் வருவது மாதிரி. புதிதாகக் குடிவந்தவன் கள்ளன் என்றால், கடிதத்தைப் பிரித்து வாசித்து அவர் பெயரில் பதிலும் போடுவான். எத்தனையோ கெட்டிக்காரர்கள் பார்த்துப் பார்த்து எழுதிய நிரலில் இப்படியொரு மறதி வருடக்கணக்காகக் கிடக்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாங்கேணியிலிருந்து அத்தான் அழைத்தார். என் அக்காவின் கணவர், கடலுக்குப் போகிறவர். அக்கா மத்திய கிழக்கில் ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கிடைக்கும் கொஞ்ச நேர ஓய்வில் அவரோடு முகம் பார்த்துக் கதைப்பாள். கதைப்பது மடிக்கணினியில். நல்ல கைபேசிகள் இரண்டைத் தோணியிலிருந்து கடலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த மனிதர் அவர், மூன்றாவதை வாங்கிக் கொடுக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. அக்கா லீவில் வந்தபோது கொண்டுவந்த பழைய மடிக்கணினியில், அவர் வாசிக்கட்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் வைத்துக் கொடுத்தவள் நான்தான்.

"மச்சாள், நாளைக்கு அக்கா கதைக்க வாற நாள். இந்தச் சாமான் விடுகுதில்ல. உலாவி பழசாம், இதுல இனி கதைக்க ஏலாதாம்."

"வாற கிழமை வந்து பாக்கட்டா அத்தான்?"

"ஐயோ, நாளைக்குக் கதைச்சே ஆகணும். ரெண்டு வருசத்துக்குத் திரும்பக் கையெழுத்து வைக்கிறதா, ஊருக்கு வாறதா எண்டு அவ சனிக்கிழம அந்த வீட்டுக்குச் சொல்லணும்."

அக்கா இன்னும் இரண்டு வருடம் நிற்க விரும்பினாள். அங்கே சுகமாகத்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லி வந்தாள். அத்தானுக்கு அரை மனம். நாளைக்கு அவர் ஓம் என்றால் அவள் நிற்பாள், இல்லையென்றால் வருவாள். இந்த நிலையில் உலாவி குறுக்கே படுத்திருந்தது.

மறுநாள் காலையில் வாகரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். அத்தான் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, பக்கத்தில் தேத்தண்ணியும் வைத்துக் காத்திருந்தார். உலாவியின் பதிப்பைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு வருடத்துக்கும் மேலாக அது ஒரு தடவைகூடப் புதுப்பிக்கப்படவில்லை. நான் வாசித்துச் சுவைத்த அத்தனை ஓட்டைகளும் அக்கா வீட்டுக்குள்ளேயே திறந்து கிடந்தன. ஆத்திரமாகவும் வந்தது, வெட்கமில்லாமல் சொன்னால், பார்க்க ஆசையாகவும் இருந்தது.

"இது உங்களிட்டக் கேக்கல்லயா அத்தான்? ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே?"

"கேட்டது, கேட்டது. கிழமைக்குக் கிழமை வரும். நான் பிறகு எண்டதை அமத்திப்போட்டு விட்டிருவன்."

"ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மச்சாள், அதுல என்ன எழுதியிருக்கு? இத்தைப்படுத்தவா எண்டு. நூல் இத்துப் போனா வலை போச்சு. இது வந்து, இத்துப்போகப் பண்ணவா, பண்ணவா எண்டு நிண்டு கேக்குது. நான் என்ன விசரனா ஓம் எண்டு சொல்ல?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரையில் இருந்த சொல் 'இற்றைப்படுத்து'. எங்கள் நாட்டு அரச அலுவலகக் கடிதங்களிலும் இணையத்தளங்களிலும் தாராளமாகப் புழங்கும் சொல். இற்றை என்றால் இன்று, இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருள். ஆனால் எங்கள் வாயில் அது 'இத்தை' ஆகிவிடுகிறது. வலையோடு வாழ்கிறவர் காதில் 'இத்து' என்று விழுந்தால் நைந்து அறுவது தவிர வேறெதுவும் வராது. இரண்டு வருடமாக அந்தப் பெட்டி அவரிடம் உடைக்கவா என்று கேட்க, அவரும் மரியாதையாகப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறார்.

பொருளைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அப்ப இண்டையப் பதிப்பாக்கவா எண்டு கேட்டா, அதுட வாய் வலிக்குமா?"

புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு வருடப் பாக்கி இருந்ததால் பச்சைக்கோடு ஆமை போல நகர்ந்தது. பழைய பதிப்பில் இருந்த ஓட்டைகளை அடைத்து, அவற்றைப் பட்டியல் போட்டும் அறிவித்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அத்தான் கதிரையை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். வீட்டில் விடுப்புக்காரி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இவர் என்னையும் வென்றுவிட்டார்.

"இந்த ஓட்டை ஆரு போட்டது?"

"ஒருத்தரும் போடல்ல. எழுதக்குள்ளயே விழுந்தது."

"பிறகு அடைச்சவங்க சும்மா அடைச்சிட்டு இருக்காம, இந்த இடத்தில ஓட்டை இருந்தது எண்டு என்னத்துக்கு ஊரெல்லாம் சொல்லுறாங்க?"

நல்ல கேள்வி. நான் குறிப்புகளை வாசிக்கத் தொடங்கிய காலத்தில் என்னையும் குடைந்த கேள்வி. அடைத்ததைச் சொல்லாமல் விட்டாலும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவன் எந்த இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். பிறகு இன்னும் அடைக்காதவர்களைத் தேடிப் போவான். ஆகவே திருத்தம் வெளிவந்த பிறகுதான் திருத்தாமல் இருப்பவருக்கு ஆபத்து கூடுகிறது.

இதைச் சொன்னதும் அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப ரெண்டு வருசமா நான் கதவைத் திறந்து போட்டிட்டு, திறந்துதான் கிடக்கு எண்டு ஊருக்கும் சொல்லிட்டா இருந்திருக்கன்?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"ஆராவது உள்ளுக்க வந்து போனானா?"

தேடிப் பார்த்தேன். யாரும் வந்துபோன தடயம் என் கண்ணுக்குத் தென்படவில்லை. இருந்தாலும் அக்காவோடு கதைக்கும் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். உலாவி மூடித் திறந்தது. எல்லாம் இற்றையாகிவிட்டது என்று அறிவித்தது. அத்தான் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தாள். வழக்கமாக அந்தத் திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அசையும், குரல் மட்டும்தான் ஒழுங்காக வரும். இந்த முறை எதிர்க் கதிரையில் வந்து இருந்தது போல இருந்தாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சத்தத்தைக் காணல்ல? கேக்குதா?" என்றாள் அக்கா.

"கேக்குது புள்ள. நீ நல்லா மெலிஞ்சிட்டாய்."

"நான் எப்பவும் போலதான் இருக்கன். நீங்க கையெழுத்து விசயத்தைச் சொல்லுங்க. எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்ல." சொல்லிக்கொண்டே, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். சட்டைக்கை சரிந்தது.

"அது என்ன கையில?"

அவள் சட்டைக்கையை இழுத்து மூடினாள். "ஒண்டுமில்ல. சமைக்கக்குள்ள சூட்டடுப்பு சுட்டது."

"காட்டு."

சட்டைக்கையை மெல்ல மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, ஒரே பளபளப்பாக இருந்தது. புதிய காயமில்லை, ஆறிப் பல மாதம் ஆன காயம். அத்தனை வெள்ளிக்கிழமையும் அந்தக் கையோடுதான் அத்தான் முன்னால் இருந்து சிரித்திருக்கிறாள்.

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

"படம் இப்பிடித் தெளிவா விழும் எண்டு ஏன்டி எனக்கு முதலே சொல்லல்ல?"

அத்தான் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"அவவோட கதையாத, என்னோட கதை," என்றார். "கையெழுத்து வைக்காத. வா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "ஓம், வாறன்" என்றாள்.