மிதந்த முட்டை

போன வாரம் ரிஷிவந்தியத்தில் இருக்கும் என் மச்சினி செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். விதைநெல்லைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். முற்றிய மணி அடியில் தங்கும். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு முட்டை. அது மிதக்கும்வரை உப்புப் போட வேண்டும்.

முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? வாளியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கரைந்த உப்பு தண்ணீரின் அடர்த்தியை எப்படிக் கூட்டுகிறது என்று ஆரம்பித்தேன்... செல்வி கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு கைப்பிடி உப்பு. அலமாரியில் இருந்த முட்டையை எடுத்து விட்டேன். ஜம்மென்று மிதந்தது. நெல்லைக் கொட்டினேன். மேலே வந்தது கொஞ்சூண்டு பதர்தான்.

"பாத்தியா... எல்லாமே முதல் தரம்."

"பால் புடிக்கிறப்ப மழ அடிச்ச நெல்லு மாமா இது. அரைகுற மணியெல்லாம் இன்னா ஆச்சி?" என்றவள், முட்டையைப் பார்த்தாள். "இத எங்க எடுத்தீங்க?"

"அலமாரியில."

"அது இருவது நாளா கெடக்குது. பச்சத் தண்ணியிலயே மிதக்கும்."

சொம்புத் தண்ணீரில் போட்டுக் காட்டினாள். மிதந்தது. பழைய முட்டைக்குள் காற்று சேரும் என்பது எனக்கும் தெரியும் — கேள்வித்தாளில் வந்திருந்தால்!

குத்தகை நிலத்துக்கு அவளிடம் இருந்த விதை அவ்வளவுதான். அப்படியே விதைத்திருந்தால் நாற்றங்கால் சொட்டை சொட்டையாக நின்றிருக்கும்.

நெல்லை வெளியே அள்ளிவிட்டு, அன்று காலை கோழி இட்ட முட்டையை வாளியில் விட்டாள். நேராக அடிக்குப் போனது. உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக முட்டை மேலே வந்தது. மறுபடி நெல்லைக் கொட்டியதும் அரைகுறை மணிகள் பாலாடை மாதிரி மிதந்தன.

மானத்தைக் காப்பாற்ற, "அடியில இருக்கறத அப்படியே ஊறப் போட்டுடலாமா?" என்றேன்.

"உப்போட போட்டா நெல்லு தண்ணி குடிக்காது மாமா. நாலு வாட்டி கழுவணும்."

அதற்கும் என்னிடம் ஒரு பெயர் இருந்தது — சவ்வூடு பரவல். குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன்.

நேற்று போன் செய்தாள். நன்றாக முளை கட்டி, விதைத்தும் ஆகிவிட்டதாம்.

"நாத்தங்கால்ல குருவி ஓட்ட ஆள் வேணும், வரீங்களா மாமா? வரப்புல குந்திக்கினு பேசிக்கினே இருந்தா போதும்."