மண் போடாத குழாய்

இது உண்மையில் நடந்தது. நம்புவதும் நம்பாமல் போவதும் உங்கள் பாடு. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரி. எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஷைஜா அங்கே ஆராய்ச்சி மாணவி. மண்டைக்காட்டுக்கு நேரே படகில் போய், கடலின் அடிமண்ணை எடுத்து வருவாள். அந்தச் சேற்றுக்குள் ஆர்க்கியா என்று கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு. பார்க்க பாக்டீரியா மாதிரி, ஆனால் வம்சமே வேறு. அவள் தேடிய வகையை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. என்ன தீனி வைத்தாலும் அசையாது. சேற்றிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் படித்துத்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. சேறு போட்ட குழாய்களோடு, சேறே போடாமல் சுத்தத் தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாயையும் சேர்த்து ஓட்டுவார்கள். பிளாங்க் என்பார்கள். எல்லா மருந்தும் அதற்கும் உண்டு. கடைசியில் அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் யாருடைய கையோ எச்சிலோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். மொத்த உழைப்பும் குப்பைக்குத்தான்.

ஷைஜாவின் பிளாங்க்கில் டிஎன்ஏ இருந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் இருந்தது.

"இன்னொரு தடவ இப்பிடி வந்தா தீசிஸ மறந்துரு," என்று வழிகாட்டி ராஜமணி சார் சொல்லிவிட்டார். மூன்று வருட வேலை. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

சந்தேகம் சுபின் மேல். அடுத்த மேசைக்காரன். அவனும் அதே சேற்றைத்தான் கிளறுகிறான். யார் முதலில் கட்டுரை போடுவது என்று இருவருக்கும் உள்ளுக்குள் போட்டி. எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பான். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"என் டியூப்ப நீ தொட்டியா?"

"நான் எதுக்குட்டி தொடுகேன்? ஒனக்கு வட்டு புடிச்சிருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே ஆராதனையில் இருக்கும். சுபினும் கொயரில் பாடுகிறவன். ஷைஜா ஆராதனைக்குப் போகாமல் ஆய்வகத்துக்கு வந்தாள். சீல் உடைக்காத தண்ணீர்ப் பாட்டில். பிரிக்காத கையுறை. கதவை உள்ளே பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இனி எவன் வருகிறான் என்று பார்ப்போம்.

குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் எதிரெதிரே வைப்பவை ஒரே எடையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் உதறும். அதனால் பிளாங்க்கைத் தராசில் வைத்தாள்.

வெறும் தண்ணீர். சேற்றுக் குழாயைவிடக் கனமாக இருந்தது.

கொட்டினாள். புதுக் குழாயில் புதிதாகத் தண்ணீர் விட்டாள். மறுபடியும் அதே கனம்.

தராசிலும் கை வைத்துவிட்டானா? சேற்றுக் குழாய்களை மட்டும் வைத்துப் பார்த்தாள். தராசில் கோளாறு இல்லை.

எடையைச் சரிக்கட்டி, மூடியை அடைத்து ஓடவிட்டாள். ம்ம்ம்ம்ம்... ஒரே சீரான சத்தம். தூரத்தில் சர்ச் மணி அடித்தது. இயந்திரம் நின்றது.

டக்.

உள்ளேயிருந்து.

டக்... டக்...

"சுபின், வெளையாடாத!"

திரும்பிப் பார்த்தாள். கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி பையில்.

சேற்று வாடை வீசியது. எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது...

பிளாங்க்கை வெளியே எடுத்தாள். அந்த இயந்திரத்தின் உள்ளே ஐஸ் குளிர். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

கையுறைக்குள்... அவள் விரல்களை யாரோ பிடித்தார்கள்.

இறுக்கமாக...

பிறகு விட்டார்கள்.

பயத்தில் காய்ச்சலே வந்துவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. சுபினைக் கையும் களவுமாகப் பிடிக்க அந்த பிளாங்க்கையே டிஎன்ஏ படிக்க அனுப்பினாள். யாருடைய அழுக்கு என்று ஒப்பிட, ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லாருடைய டிஎன்ஏ விவரமும் அங்கே உண்டு.

முடிவு வந்தது. மனித டிஎன்ஏ. சுபினுடையது இல்லை. தாய்வழியாக மட்டும் வரும் பகுதி அப்படியே ஷைஜாவோடு பொருந்தியது.

"ஒன் எச்சில்தான்," என்றார் ராஜமணி சார்.

சுபின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சிரிக்கவில்லை.

"சாரே, இது ஆம்பிள." அவள் பக்கம் திரும்பினான். "அப்பாவும் அம்மயும் ஒன்னுதான் காட்டுகு. ஒனக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"இல்ல. நான் ஒத்தப் பிள்ள."

வயது ஏற ஏற டிஎன்ஏவில் சில அடையாளங்கள் படியும். அதை வைத்து ஆளின் வயதை ஏறக்குறையச் சொல்லலாம். சுபின் அதையும் பார்த்தான். முப்பத்திரண்டு.

இவன் ஏதோ திருத்தி வைத்திருக்கிறான் என்றே அப்போதும் நினைத்தாள். சாயங்காலம் வீட்டில் அம்மா நேசம்மாள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷைஜா சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"அம்மா, எனக்கு அண்ணன் யாராவது உண்டா?"

கத்தி நின்றது.

"ஆருட்டி ஒனக்குச் சொன்னது?"

நேசம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு முன்ன ஒருத்தன் பெறந்தான். பெறக்கும்பமே உயிர் இல்ல. ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளய கல்லறத் தோட்டத்துல எடுக்கமாட்டாவன்னு ஒங்க அப்பா நெனச்சுட்டாரு. போதகர்ட்ட ஒரு வாக்கு கேட்டிருந்தா எடம் குடுத்திருப்பாரு. கேக்கல்ல. துணியில பொதிஞ்சு, மண்டைக்காட்டுல ஒரு வள்ளத்துல ஏறிப் போயி... கடல்ல விட்டுட்டு வந்தாரு."

"எப்பம்மா?"

நேசம்மாள் விரல் மடக்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"இருந்தா இப்ப முப்பத்திரண்டு வயசு."

ஷைஜா தீசிஸ் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்துக்குள் அவள் காலெடுத்து வைக்கவும் இல்லை. இறந்தே பிறந்த பிள்ளையின் டிஎன்ஏவில் வயது ஏறாது.

அவனுக்கு ஏறியிருந்தது.