வடிவாப் பாத்தனியோ?

இது நடந்தது. கதை கட்டுகிறான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். "கேம் விளையாடி விளையாடி உங்களுக்கு விசர்" என்று சொல்ல என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். இன்னும் ஆட்கள் தேவையில்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். இப்போது சிரிப்பதில்லை.

என் பெயர் நிரோஜன். அக்கராயனில் இருக்கிறேன். வீடுகளுக்கு வயரிங் செய்வது தொழில். மனைவி தாட்சாயினி. ஒரே மகள் அபிசனா, ஐந்து வயது. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

போன ஆடியில் சுவிஸிலிருந்து வந்த மச்சான் ஒரு கேம் கொன்சோல் கொண்டுவந்து தந்தான். அதில் ஒரு ஆமிச் சண்டை விளையாட்டு. பாலைவனத்தில் உடைந்துபோன ஒரு ஊர். பதினொரு வீடுகள். துவக்கோடு வீடு வீடாகப் புகுந்து தேட வேண்டும். ஒவ்வொரு வீட்டையும் பார்த்து முடித்ததும் கூட வரும் சிப்பாய் "கிளியர்!" என்று கத்துவான். நானும் கதிரையில் இருந்தபடியே கத்துவேன்.

"உண்மையிலை பாத்த சண்டை போதாதே உங்களுக்கு?" என்றாள் தாட்சாயினி.

"அது வேறை, இது வேறை. சும்மா அலட்டாதை."

வெடிச்சத்தம் வீட்டில் கேட்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். அதனால் காதில் ஹெட்செட் போட்டுத்தான் விளையாடுவேன். எங்கள் பக்கம் இணையம் இழுக்காது. நான் ஒருநாளும் ஒன்லைனில் விளையாடியதில்லை. இதைக் கவனமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு மனிதக் குரல் அந்த ஹெட்செட்டுக்குள் வர வழியே இல்லை.

தீபாவளிக்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. பின்வளவில் அடுத்த ஒழுங்கை அமராவதி மாமி குடையோடு நின்று செவ்வரத்தம்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். போர் முடிந்து மீள்குடியேறிய நாட்களில் அவருடைய மகள் கமலேஸ்வரி காணாமல் போய்விட்டாள். மகள் திரும்பி வரவேண்டும் என்று பதினைந்து வருடமாகப் பிள்ளையாருக்குப் பூ வைக்கிறார். பூ எங்கள் வளவில்தான் ஆய்வார். மாமி போனதும் நான் விளையாட உட்கார்ந்தேன். பின்னேரம் 6.10.

மூன்றாவது வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது.

அந்த ஊரை நான் கண்ணை மூடிக்கொண்டும் சுற்றுவேன். அங்கே குழி இருந்ததில்லை. கிட்டப் போனேன். குழியின் மேல் பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, அதன் மேல் மண் மூட்டைகள். பாலைவனத்தில் ஏதடா பனை? சண்டை நாட்களில் குண்டுக்கு ஒளிய எங்கள் ஊரில் ஒவ்வொரு வளவிலும் இருந்ததே... அதே பங்கர்.

ஹெட்செட்டில் ஒரு சத்தம். டுக்... டுக்... டுக்... டாங்கி இல்லை, ஹெலி இல்லை. உழவு இயந்திரம்.

திரை இருண்டது. யாரும் என்னைச் சுடவில்லை. சொர்... சொர்... என்று மண் கொட்டுகிற சத்தம் மட்டும். பிறகு, நான் செத்துவிட்டதாக எழுத்து வந்தது.

"என்ன கோதாரியடா இது!" எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். திரும்பவும் தொடங்கினேன். அதே குழி, அதே சாவு. மூன்றாம் முறை, இருட்டுக்குள் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு பெண் குரல், என் காதுக்குள்.

"வடிவாப் பாத்தனியோ?"

ஹெட்செட்டைக் கழற்றிச் சுவரில் எறிந்தேன். குரலுக்காக இல்லை. நன்றாகப் பார்த்தாயா என்ற அந்தக் கேள்விக்காக.

2010இல் நாங்கள் மீள்குடியேற வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வளவில் வீடு இல்லை. நாங்கள் வெட்டிய பங்கர் மட்டும் இருந்தது. அப்பா அதன் வாயை மூட உழவு இயந்திரத்தில் மண் கொண்டுவந்து கொட்டுவித்தார். அந்த நாட்களில் பங்கரை மூடுமுன் ஒருவர் உள்ளே இறங்கி, ரோர்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம். வெடிக்காத சாமான் கிடக்கலாம். வேறு எதுவும் கிடக்கலாம். அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, என்னை இறங்கச் சொன்னார். எனக்குப் பாம்பென்றால் உயிர் போகும். இரண்டு படி இறங்கி நின்று, பத்துவரை எண்ணிவிட்டு ஏறி வந்தேன்.

"வடிவாப் பாத்தனியோடா?" என்று கேட்டார் அப்பா.

"ஓம் அப்பா. ஒண்டுமில்லை."

அப்பா செத்து ஆறு வருடம். இந்தப் பொய்யை நான் தாட்சாயினிக்குக்கூடச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை திரும்பவும் போட்டேன். வீம்புதான். பயந்துவிட்டேன் என்று எனக்கே ஒப்புக்கொள்ள விருப்பமில்லை. மூன்றாவது வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். 6.10 வரை எல்லாம் சரி.

6.10க்கு என் சிப்பாய் தானாக நடந்தான்.

நான் பொத்தானைத் தொடவில்லை. அவன் நேராகக் குழியடிக்குப் போய் நின்று உள்ளே குனிந்தான். டுக்... டுக்... டுக்...

"இறங்கு," என்றது குரல்.

"ஆரடி நீ?"

"இறங்கிப் பார்."

"ஏலாது போ!"

மூச்சு மட்டும் கேட்டது, மண் அடைத்த மூக்கால் இழுக்கிற மூச்சு. பிறகு, மிகக் கிட்டத்தில்...

"அப்ப பிள்ளை இறங்கட்டும்."

வயரைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கொன்ட்ரோலரின் பற்றரிகளைக் கழற்றி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள், சரியாக 6.10க்கு அலுமாரிக்குள் அது அதிர்ந்தது. ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

பற்றரிகள் என் பையில்தான் இருந்தன.

சனிக்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது 6.14. தாட்சாயினி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை எங்கை?"

"உள்ளுக்குத்தானே இருந்தவள்."

உள்ளே அவள் இல்லை. அலுமாரி திறந்து கிடந்தது. பூட்டுத் திறப்பு என் இடுப்பில். ஹெட்செட் நிலத்தில் கிடந்தது. அதிலிருந்து மெல்லிதாக... டுக்... டுக்...

"அபி!"

பின்வளவுக்கு ஓடினேன். செவ்வரத்தைக்குப் பக்கத்தில், மழையில் பதிந்துபோன நிலம். அதே இடம். பிள்ளை இடுப்பளவு குழிக்குள் நின்றாள். கையில் சிரட்டை. தோண்டிக்கொண்டிருந்தாள்.

"அபி, வெளியிலை வா!"

"அக்கா மூச்சு விடேலாதாம் அப்பா."

அக்குளில் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. பதினாறு கிலோ பிள்ளை. என்னால் அசைக்க முடியவில்லை.

கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

அவள் அலறினாள். இடுப்பிலிருந்த மண் நெஞ்சுக்கு வந்தது.

நான் இழுத்தேன். அது இழுத்தது.

கழுத்து...

"பாக்கேல்லை!" என்று கத்தினேன். "நான் பாக்கேல்லை! பொய் சொன்னனான்! இறங்கவே இல்லை!"

பிடி விட்டது.

இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். அவளுடைய இடது காலில் செருப்பு இல்லை. கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல் தடம் நீலமாகக் கன்றியிருந்தது.

நிலம் தாழ்ந்துவிட்டது, உள்ளே பழைய பங்கர் இருக்கிறது என்று அடுத்த நாள் பொலிசில் போய்ச் சொன்னேன். நீதிமன்ற அனுமதி வர மூன்று கிழமை. இயந்திரம் வந்து வெட்டியது. அபிசனா தோண்டியது இரண்டு அடி. அதற்குக் கீழே நாலு அடி மண், பதினைந்து வருடமாக யாரும் தொடாமல் கல்லாக இறுகிக் கிடந்தது. குற்றிகள் அடுக்குக் குலையாமல் இருந்தன.

உள்ளே ஒருத்தி இருந்தாள்.

எலும்புதான். கழுத்தில் பச்சைப் பாசிமணி. வாயை மூடிய மண்ணுக்குள் இரண்டு கை எலும்புகளும் முழங்கை வரை நுழைந்திருந்தன. உள்ளேயிருந்து வெளியே தோண்டியிருக்கிறாள். அவளுடைய மடியில், மண் ஒட்டாமல் துடைத்து வைத்ததுபோல், ஒரு சின்னச் செருப்பு. இடது கால். இளஞ்சிவப்பு, மேலே வண்ணத்துப்பூச்சி. தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

பாசிமணியைப் பார்த்ததும் அமராவதி மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழவில்லை.

"என்ரை பிள்ளை எஞ்சின் சத்தம் கேட்டாலே பயந்து, எந்தப் பங்கரெண்டாலும் ஓடிப்போய் ஒளிச்சிடுவாள் தம்பி. அவள் காணாமப் போன அண்டைக்கு உங்கட வளவுக்கை ட்ராக்டர் நிண்டது, என்ன?"

எனக்குத் தெரியும். அவளுடைய பயம் ஊருக்கே தெரியும். நாங்கள் பெடியள் வாயால் எஞ்சின் சத்தம் போட்டு அவளை ஓட வைத்துச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு நான் இரண்டாம் படியில் நின்று பத்து எண்ணியபோது, அவள் கீழே இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஏறி வந்தேன். மண் விழுந்தது. அவள் கத்தியிருப்பாள். இயந்திரம் நிற்காமல் ஓடியது.

மாமி என் முகத்தைப் பார்த்தார்.

"மூட முந்தி பாத்தனீங்களோ தம்பி?"

பொலிஸ் நின்றது. ஊர் நின்றது. தாட்சாயினி நின்றாள்.

"ஓம் மாமி," என்றேன். "வடிவாப் பாத்தனாங்கள்."

அது நேற்று நடந்தது. நேற்றுப் பின்னேரம் 6.10க்கு அலுமாரிக்குள் அது திரும்ப அதிர்ந்தது. அபிசனா வெறுங்காலோடு, வலது செருப்பைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா, மற்றக் கால் செருப்பும் வேணுமாம் அக்காவுக்கு. நான் கொண்டுபோய்க் குடுக்கட்டாம்."

அந்த வலது செருப்பை வாங்கி அலுமாரிக்கு மேலே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். இரவு முழுக்க அவளைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். இப்போது இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் மாமி வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். போகத்தான் வேண்டும். கால் எழும்பவில்லை.

பின்னேரம் மணி 5.52. அபிசனா என் பக்கத்தில் நித்திரை.

அலுமாரிக்கு மேலே செருப்பைக் காணவில்லை.