பாதியில் நின்ற வாக்குமூலம்

கோபிசங்கர் என்ற பெயரை அருமைநாயகி முதன்முதலாகக் கேட்டது குருநகர் மீன்சந்தையில். ஐந்து வருடம் இருக்கும். பக்கத்தில் இருந்து மீன் விற்கிற தங்கமுத்துதான் கதையைக் கொண்டுவந்தாள், கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் புதிதாக ஒரு கொம்பியூட்டர்காரன் வந்திருக்கிறான் என்று.

"எந்த ஊராம்?"

"கொடிகாமமாம். பராசக்தி ரீச்சரின்ரை மகனாம்."

மீன் வெட்டிய அருமைநாயகியின் கை நின்றுவிட்டது. "பராசக்தி கதிரவேலுவின்ரை தங்கச்சியெல்லே! அப்ப உவன் கதிரவேலுவின்ரை மருமோன்."

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அருமைநாயகி. ஆனால் ஆர் ஆருக்கு என்ன முறை என்பது மட்டும் அவளுக்கு மறக்காது. கதிரவேலு கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரி. நாற்பது வருடத்துக்கு முன் அருமைநாயகியின் தாய் மீன் சுமந்த ஓலைக் கடகத்தை இறக்கி வைத்த இடம் தன்னுடையது என்று சொல்லிக் கடகத்தைக் காலால் உதைத்தவர். அன்றிலிருந்து அந்த வீட்டார் ஒருத்தரையும் அவள் நம்பியதில்லை. அந்த நேரம் பிறக்கவே பிறக்காத மருமகனும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

அவனுடைய கையில் போய் விழுந்தது அவளுடைய கடைசி மகன் றொகானின் விசயம். போன மாசியில் கடலில் இயந்திரம் பழுதாகி, வள்ளத்தைக் காற்று இந்தியாப் பக்கம் அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லை தாண்டி வந்தான் என்று பிடித்து அங்கத்தைய சிறையில் மறியலில் போட்டுவிட்டார்கள். வேண்டுமென்று போகவில்லை என்று வீட்டார் வாக்குமூலம் கொடுத்தால், கொழும்பில் உள்ள அரசாங்கக் கந்தோர் அங்கே கதைத்து எடுத்துவிடப் பார்க்கும். வாயால் சொல்வதைக் கோபிசங்கர் தட்டெழுதி, கொம்பியூட்டர் வழியாகக் கொழும்புக்கு அனுப்புவார்.

ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், இன்னாரின் பிள்ளை, இன்னாரின் பேரன் என்று சொல்லி முடித்துத்தான் வந்த விசயத்துக்கு வரவேணும். எடுத்த எடுப்பில் விசயத்தைக் கொட்டுகிறவன் மரியாதை தெரியாதவன். அருமைநாயகியும் அப்படித்தான் சொன்னாள். தகப்பன் லெனாட், லெனாட்டின் தகப்பன் தேவராசா, தேவராசாவின் தாய் வழி, தன்னுடைய தாய் வழி, ஞானஸ்நானத் தகப்பன் உட்பட. இயந்திரம் பழுதான கதை கடைசியில் வந்தது.

இரண்டு கிழமையில் பதில் வந்தது: எல்லை தாண்டிய காரணம் சொல்லப்படவில்லை.

"நான் சொன்னனான்! உன்ரை காதாலை கேட்டனிதானே?"

"ஓமம்மா. இஞ்சை முழுக்கக் கிடக்கு, பாருங்கோ." கோபிசங்கர் திரையைத் திருப்பினார்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு சொல்லும் குறையவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. எனக்குக் காட்ட ஒன்று, கொழும்புக்கு அனுப்ப இன்னொன்றோ?

அடுத்த முறை மகள் ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போனாள். "உவன்ரை விரலைப் பார். கண்ணை எடுக்காதை." ஜெனிற்றா கண்ணை எடுக்கவில்லை. அனுப்புகிற பொத்தானையும் அவளே அமத்தினாள். பத்து நாளில் அதே பதில்.

"உவருக்கென்ன, மீன் மச்சம் தின்னாத மனிசன்," என்று அருமைநாயகி மகளுக்குச் சொல்கிற மாதிரி அவருக்குச் சொன்னாள். "மீன்காரியின்ரை பிள்ளை மறியலிலை கிடந்தால் உவருக்கு நோகுமோ? மாமன் காலாலை செய்தார், மருமோன் விரலாலை செய்யிறார்."

கோபிசங்கர் மெலிந்த மனிதர், கதை குறைவு. வீட்டிலிருந்து கொண்டுவரும் சோற்றைத் தனியே இருந்து சாப்பிடுவார். சங்கத்தின் புரோகிராமை எழுதியவர் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னமே கனடா போய்விட்டார். அது எழுதப்பட்ட பழைய கொம்பியூட்டர் மொழியை இப்போது படிப்பார் இல்லை. கோபிசங்கர்தான் கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்துத் தானாகப் படித்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கடகக் கதை எனக்கும் தெரியும்," என்றார். "அதுக்காண்டி அம்மா மாமாவோடை ஒரு வருசம் கதைக்கேல்லை."

இதுவும் இட்டுக்கட்டோ என்று அருமைநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் கொழும்பார் மேல். அவளை வைத்துக்கொண்டே கொழும்புக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, வந்ததை அப்படியே வாசிக்கச் சொன்னார். அங்கேயிருந்த கஜந்தினி என்ற பிள்ளை வாசித்தது.

"நான் அருமைநாயகி. மறியலில் இருக்கும் றொகான் கடைசி மகன். தகப்பன் லெனாட். லெனாட்டின் தகப்பன் தேவர... அவ்வளவுதான். பிறகு ஒரு கேள்விக்குறி."

"முதல் வந்ததிலை?"

"அதிலையும் அதே இடம்தான்."

அருமைநாயகி யோசித்தாள். வன்மத்தில் வெட்டுகிறவன் இயந்திரக் கதையைப் பார்த்துத் தூக்குவான். செத்துப்போன கிழவனின் பெயரை நடுவில் முறித்து அவனுக்கு என்ன லாபம்?

"தம்பி," என்றாள் முதல்தரமாக, "உது மனிசன் வெட்டின வெட்டில்லை. குருட்டு வெட்டு."

கோபிசங்கர் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தார். சங்கத்துக் கொம்பியூட்டரில் எவ்வளவு நீளமும் கிடக்கும். கொழும்புக்குக் கைமாற்றும்போது மட்டும் அந்தப் பழைய மொழி அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கிறது. பெட்டிக்கு இருநூற்றைம்பத்தைந்து இடம். மிச்சத்தைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். இங்கிலிஸ் எழுத்து ஒரு இடம் பிடிக்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம் வேணும். கோயில் பாதர் சனத்துக்கு இங்கிலிசில் எழுதிக் கொடுத்த நீளமில்லாத கட்டைக் கடிதங்கள் முழுசாகப் போனபடியால் ஒருவரும் பிழையைக் காணவில்லை.

"இப்போதைக்கு இயந்திரக் கதையை முதலிலை சொல்லுங்கோ அம்மா. சொந்தக்காரரை விடுவம்."

அவளுக்குப் பழைய சந்தேகம் திரும்ப ஏறியது. "ஆரின்ரை பிள்ளை எண்டு தெரியாமல் ஆர் அவனை விடுவான்? என்ரை சனத்தை அழிக்கவோ பாக்கிறாய்?"

கோபிசங்கர் கிழிந்த புத்தகத்தை எடுத்தார். நாலு நாள் அந்தப் புரோகிராமோடேயே இருந்தார். வாக்குமூலத்தைத் துண்டு துண்டாக எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோப்பில் அடுக்கி, பெட்டியை விட்டுவிட்டுக் கோப்பையே முழுசாக அனுப்புகிற மாதிரி மாற்றினார்.

அருமைநாயகி அதையும் நம்பவில்லை. கஜந்தினியைக் கொண்டு முழுவதையும் வாசிப்பித்தாள்.

"அம்மா, இன்னும் எத்தினை பேர் இருக்கினம்?" என்று அந்தப் பிள்ளை சிரித்தது.

"தாய் வழி கிடக்கு பிள்ளை. விடாமல் வாசி."

இயந்திரம் பழுதான இடம் வந்ததும் அவள் சிலுவை போட்டாள்.

றொகான் ஆடியில் வந்து சேர்ந்தான். கோபிசங்கர் மற்றச் சனத்தின் பழைய வாக்குமூலங்களைத் தேடி, பாதியில் நின்ற ஐம்பத்தேழையும் திரும்ப அனுப்பினார். அவர்தான் வெட்டினார் என்று சங்கக் கூட்டத்தில் சிலர் எழும்பினார்கள். அருமைநாயகி எழும்பி, பொத்தானை அமத்தியது தன் மகள், வேணுமென்றால் அவளைப் பிடியுங்கள் என்றாள். அதோடு கதை அடங்கியது. கதிரவேலுவின் விசயம் வேறை. அதை அவள் இன்னும் விடவில்லை.

கோபிசங்கர் இப்போது மனைவி சிவகௌரியோடு அரியாலையில் வாடகை வீட்டில் இருக்கிறார். கிழமை நாளில் காலை எட்டரைக்குக் குருநகர்ச் சங்கத்துக்கு வந்துவிடுவார்.