உதியன்குளங்கரை டெலிவிஷன்

இந்தியாவிலேயே முதன்முதலாக டெலிவிஷன் வந்த ஊர் எங்கள் உதியன்குளங்கரைதான். டில்லி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. இது கொஞ்சம் கூடுதல் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். வந்தது பெட்டி இல்லை, ததேயூஸ்.

சனிக்கிழமை சாயங்காலமானால் அவன் தன் சாயாக்கடைப் பாய்லருக்கு முன்னால் வந்து நிற்பான். தோளில் கிடக்கிற துண்டைத் தலையில் கட்டினால் மதாம்மா, அதாவது வெள்ளைக்காரச்சி. மூக்குக்குக் கீழே சுருட்டிப் பிடித்தால் மீசை வைத்த வெள்ளைக்காரன், மீசைச் சாயிப்பு. கக்கத்தில் இடுக்கினால் மொட்டைச் சாயிப்பு. தரையில் போட்டு இழுத்தால் மதாம்மாவின் நாய். இடையிடையே கிளாஸ் துடைப்பதும் அதே துண்டுதான். நாய் துடைத்த கிளாஸில் சாயா குடிக்க எங்கள் ஊரில் யாருக்கும் கூச்சமில்லை.

ததேயூஸ் பொழியூர்க் கடற்கரைக்காரன். கப்பலில் சமையல்காரனுக்குக் கையாளாகப் போய், சீமையில் டெலிவிஷன் பார்த்துவிட்டுத் திரும்பியவன். (கப்பல் நின்ற ஊரெல்லாம் அவனுக்கு லண்டன்.) டெலிவிஷன் என்பது ரேடியோவுக்கு முகம் முளைத்தது போல ஒன்று. வாராவாரம் அதில் வருகிற தமாஷ் நாடகத்தைத்தான் அவன் இங்கே ஆடிக் காட்டுகிறான். ஒரு வீட்டுக்கார மதாம்மா. மாடியறையில் இரண்டு சாயிப்புகள். அறைக்குள் மீன் பொரிக்கக் கூடாதென்று சட்டம். சாயிப்புகள் மீன் பொரிக்காத வாரமே கிடையாது.

லண்டன் மதாம்மா சாளை மீனுக்குப் பேரம் பேசும் அழகைப் பார்த்தால் பொழியூர் மீன்காரி தோற்றுவிடுவாள். மொட்டைச் சாயிப்பு மீனுக்குத் தொட்டுக்கொள்ள கப்பை என்கிற மரச்சீனிக் கிழங்கு அவித்த வாரம், பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“லண்டன்ல ஏது ஓய் கப்பை?”

“அங்க அதுக்குப் பேரு பொட்டேட்டோ ஆக்கும். சும்மா கேளு மக்கா.”

ரசிகர்கள் அறிவைத் தேடி வருவதில்லை. கேட்டார்கள்.

டெலிவிஷன் நாடகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் கூட்டமாகச் சிரிப்பார்களாம். எங்கே சிரிக்க வேண்டும் என்பதைப் பார்க்கிறவனின் புத்திக்கு விட்டுவிடாத ஏற்பாடு. இந்தப் பகுதியை நடத்துவது அவன் மனைவி லூயிசா. ததேயூஸ் கரண்டியால் பாய்லரில் ஒரு தட்டுத் தட்டினால், அடுக்களையில் மீன் அரிந்தபடியே “ஹஹ்ஹஹ்ஹா” என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. “எடீ, இது பெரிய சிரிப்பாக்கும்!” என்று இவன் கத்தினால் இன்னொரு ‘ஹா’ சேர்ப்பாள்.

“உனக்கு அலுக்கவில்லையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சிரிச்சாத்தான் அவரு கரையில இருப்பாரு பாட்டி,” என்றாள், செதிளைத் தட்டிக்கொண்டே. “கேக்க ஆளு இல்லேண்ணா டிரங்குப் பெட்டியத் தூக்கிருவாரு. முன்னயும் தூக்கினவராக்கும். பின்ன எப்ப வருவாரு, வருவாராண்ணு கடலப் பாத்துட்டு இருக்கணும்.”

கேட்க ஆள் என்றால் ஊர் முழுக்க உண்டு. ஆனால் ரசிகர் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டு பேர்தான்: எதிர்வரிசைத் தையல்கடைத் தாணுவும், அவனுக்கு அடுத்த சைக்கிள் கடை வேலாயுதனும். என் மகன் வயசுக்காரர்கள், அதனால் மரியாதை குறைத்தே எழுதுகிறேன். தாணு மீசைச் சாயிப்பின் கட்சி. வேலாயுதன் மொட்டைச் சாயிப்பின் கட்சி. நாய் தொப்பியைத் தின்ற வாரம் உயர்ந்ததா, படிக்கட்டு வழுக்கிய வாரம் உயர்ந்ததா என்று பெஞ்சு ஆடும்வரை சண்டை போடுவார்கள். சட்டைக்கு அளவெடுக்கக் கையைத் தூக்குகிறவனிடம் தாணு, “மதாம்மா வாறா, மீன ஒளி!” என்பான். சொன்னவுடன் பக்கத்துக் கடையில் வேலாயுதன் நாயாகக் குரைப்பான். கையைத் தூக்கியவன் அப்படியே நிற்பான். சட்டைகள் எங்கள் ஊரில் சரியாக அமைவதில்லை.

இப்படி இருந்தபோதுதான் எல்லைக் கிளர்ச்சி வந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழர்களுக்கா, மலையாளிகளுக்கா? எங்கள் சுவர்களைக் கேட்டால் இருவருக்கும் என்றே சொல்லும். ஒரே சுவரில் இரண்டு தரப்பும் கரியால் எழுதியிருக்கிறது. தாணு தமிழ்க் கூட்டங்களுக்குப் போனான். வேலாயுதன் மலையாளக் கூட்டங்களுக்குப் போனான். தாணுவுக்குக் கோபம் வந்தால் வாயில் மலையாளம்தான் வரும். வேலாயுதன் தூக்கத்தில் உளறுவது தமிழில் என்று அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள். கொள்கையெல்லாம் ஆள் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தானே.

அதுவரை ததேயூஸ் எந்த மொழியில் கதை சொல்கிறான் என்று யாரும் கவனித்ததில்லை. அவனுமே கவனித்ததில்லை. வாயில் முதலில் வந்த சொல்லுக்கு முதலிடம், அவ்வளவுதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, மீசைச் சாயிப்பு பொரித்த மீனைப் பியானோவுக்குள் ஒளித்துவைத்தான். மதாம்மா வாசிக்க வந்து உட்கார்ந்தாள். “மிச்சம் அடுத்த வாரம்” என்று ததேயூஸ் துண்டை உதறினான். தாணு எழுந்து நின்றான்.

“அடுத்த வாரம் தமிழ்ல சொல்லும் ஓய். சுத்தத் தமிழ்ல. இல்லேண்ணா நாங்க ஒருத்தரும் இந்தக் கடைப் படி ஏற மாட்டோம்.”

வேலாயுதனும் எழுந்தான். “மலையாளத்தில் பறயணும். இல்லெங்கில் ஞங்ஙளும் இல்ல.”

அந்த வாரம் முழுக்க ததேயூஸ் சாயாவில் சர்க்கரை போட மறந்தான். ஒருவனை வைத்துக்கொண்டால் மற்றவன் போவான். மற்றவன் போனால் இருக்கிறவன் யாரோடு சண்டை போடுவான்? மச்சில் கிடந்த டிரங்குப் பெட்டி கட்டிலடிக்கு இறங்கிவிட்டதாக லூயிசா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் கை மீனை விட்டுவிட்டுப் பலகையை அரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வந்தது. பியானோவுக்குள் மீன் இருக்கும்போது எந்தக் கட்சிக்காரனாலும் வீட்டில் இருக்க முடியாதல்லவா? தாணு தன் ஆட்களோடு வலப்பக்கம், வேலாயுதன் தன் ஆட்களோடு இடப்பக்கம். நடுப்பெஞ்சில் நான் ஒருத்தி மட்டும், எல்லை பிரிக்க வந்த கமிஷன் தலைவரைப் போல.

“மதாம்மா...” என்று ததேயூஸ் தொடங்கினான். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல், தந்திரம்தான்.

“பெறகு?” என்றான் தாணு.

“பின்னே?” என்றான் வேலாயுதன்.

ததேயூஸ் இரண்டு பக்கமும் பார்த்தான். “ரெண்டும் வேண்டாம். அசல் மொழியிலயே சொல்லுதேன்,” என்று இங்கிலீஷுக்குத் தாவினான். “ஹாட் வாட்டர், மேடம்! கேர்ஃபுல், மேடம்! ஆல் ஹேண்ட்ஸ், மேடம்!” கப்பல் அடுக்களையில் பொறுக்கிய இங்கிலீஷ். மதாம்மா பியானோ வாசிக்க வந்தவளா, நங்கூரம் தூக்க வந்தவளா என்று எனக்கே விளங்கவில்லை. கரண்டியால் தட்டினான். அடுக்களையிலிருந்து “ஹஹ்ஹஹ்ஹா.” கடையில் ஒரு பல்கூடத் தெரியவில்லை. தாணு வேட்டியை மடித்துக் கட்டினான். வேலாயுதன் செருப்பைத் தேடினான்.

அப்போது லூயிசா வெளியே வந்தாள், கையெல்லாம் செதிளாக.

“போறவன் கேட்டுட்டுப் போங்க. என்ன மொழி, என்ன மொழிண்ணு சாவுதிய. அதுக்கு மொழியே கிடையாது. இவரு டெலிவிஷன் பெட்டியப் பாத்தது கடைக் கண்ணாடிக்கு வெளிய நிண்ணுட்டு. மழையில. உள்ள படம் ஓடும். ஒரு சத்தம் வெளிய வராது. அவிய வாய அசைப்பாவ, அம்புட்டுதான். மிச்சமெல்லாம் இவரு உண்டாக்கினது.”

“அப்பம் அந்தச் சிரிப்பு?” என்றான் தாணு.

“அது பெட்டிச் சிரிப்பு இல்ல. கூட நிண்ணு நனைஞ்ச ஆளுவளுக்க சிரிப்பு.”

ததேயூஸைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. உடுத்ததை நடுத்தெருவில் காற்று கொண்டுபோனவனைப் போல நின்றான். லூயிசாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு துண்டைத் தலையில் கட்டினான். வாயைத் திறக்காமல் பெஞ்சின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்து, காற்றிலே பியானோ மூடியைத் திறந்து வாசித்தான். ஒரு விரல் வழுக்கியது. முகர்ந்தான். பாட்டை நிறுத்தாமல், ஒரு கையால் வாசித்தபடி மறு கையை உள்ளே விட்டு மீனை எடுத்தான், கதவு வரை ஒருமுறை பார்த்துக்கொண்டான், முள்ளோடு தின்றான். கடைசி முள்ளை நாய்க்குக்கூடக் கொடுக்கவில்லை.

கரண்டி தட்டப்படவில்லை. லூயிசா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், செதிள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆனால் கடை சிரித்தது. வலமும் இடமும் ஒரே சமயத்தில். அதிலும் தாணுவும் வேலாயுதனும் ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு, இரட்டைப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள்.

இவ்வளவையும் நேற்று அதே கடையில் வாசித்துக் காட்டினேன். வேலாயுதன் கையை உயர்த்தினான்.

“அம்மச்சீ, அது தெற்று. திருத்தணும். ஞான் சிரிச்சில்ல. தாணு சிரிச்சு. எனிக்குத் தும்மலாக்கும் வந்தது.”

ததேயூஸ் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தத் தும்மலை அப்படியே நடித்துக் காட்டினான். தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது; மூக்கு மட்டும் சும்மா இருந்தது.